கை பிடிக்கிற வேலை

“கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா மேடம், நான் ஐம்பது வயசுல மறுபடி படிக்க வந்தேன்?” என்றார் டாக்டர் செங்கோடன்.

மயக்கவியல் பேராசிரியை ஹெப்சிபா ஊசியில் மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாணவரைவிடப் பத்து வயதாவது இளையவர்.

“அந்த வேலைய வேற யாருக்குக் குடுக்கச் சொல்றீங்க, சார்?”

செங்கோடன் பாதி ஆயுளை மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழித்தவர். அவர் கையில் விழுந்த பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாடியில், பிரசவ அறையில் கௌசல்யா படுத்திருந்தாள். தலைப்பிரசவம். அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் ஓரிடத்தில் மெலிந்து கொப்புளமாக உப்பியிருந்தது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறினால் உடையலாம். உடைந்தால் அவள் பிழைப்பது அரிது.

“எதனால ஏறும், சார்?”

“வலியால. முதுகுல குழாய் வச்சு மருந்து போகுது, வலி தெரியாது. பயத்தால ஏறும். அதுக்கும் மருந்து தயார்.”

“அப்புறம்?”

“மூச்சை அடக்கி முக்கினா ஏறும். அவ முக்கவே வேண்டாம். கர்ப்பப்பையே பிள்ளையைக் கீழ இறக்கும். கடைசியில ஆயுதம் போட்டு எடுத்துடுவாங்க.”

“ஒண்ணு விட்டுட்டீங்க.”

செங்கோடன் படித்ததையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை புரட்டினார்.

“விடல மேடம்.”

ஹெப்சிபா சுட்டுவிரலை நீட்டினார்.

“பிடிங்க. இப்ப நான்தான் கௌசல்யா. தலை தெரியுது. உங்க ஊர்ல என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க.”

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது. பிடித்தார்.

“கூச்சப்படாம, சார்.”

“முக்கும்மா! முக்கு! அப்படித்தான்… விடாதே, இன்னும் கொஞ்சம்… முக்கு!”

மலைக்கு எட்டும் குரல். வராந்தாவில் போன செவிலி எட்டிப்பார்த்தாள். பேராசிரியைக்கே வலி எடுத்துவிட்டதோ என்று ஒரு கணம் திகைத்துப் போனாள்.

ஹெப்சிபா விரலை உருவிக்கொண்டார். நுனி வெளுத்திருந்தது.

“இப்ப முக்கினது யாரு?”

செங்கோடன் தன்னையே கவனித்தார். பல்லைக் கடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சு இன்னும் உள்ளேயே நின்றது.

மாடிக்குப் போனார்கள்.

செங்கோடன் தலைமாட்டில் நின்று கௌசல்யாவின் கையைப் பிடித்தார்.

“சார், ஆயுதம்னாலே பயமா இருக்கு.”

“உங்க வீட்ல பால் சட்டியை எதால இறக்குவீங்க?”

“இடுக்கியால.”

“அவ்வளவுதான்.”

“எங்க வீட்ல சிந்துமே, சார்.”

“கால்மாட்டுல நிக்கிற டாக்டரம்மா சிந்த மாட்டாங்க.”

கௌசல்யா கொஞ்சம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“முக்க வேண்டாங்கறாங்க. எங்க அத்தை, முக்காம எவளும் பெத்ததில்லைன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எப்பன்னு நீங்களாவது சொல்லுங்க.”

“சொல்றேன். நான் சொல்லாம முக்கக் கூடாது.”

“சத்தியமா?”

“சத்தியமா. அதுவரைக்கும் என் மூஞ்சியையே பாரு.”

“தலை தெரியுது” என்றார் மகப்பேறு மருத்துவர்.

பாதி ஆயுள் பழகிய சொல் செங்கோடனின் பல் வரைக்கும் வந்து நின்றது. தாடை இறுகியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கௌசல்யாவின் தாடையும் இறுகியது. திரையில் ரத்த அழுத்த எண் ஏறத் தொடங்கியது.

ஹெப்சிபா ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை அவர் கையிலும் வைத்திருந்தார். மருந்தூசி தயாராக இருந்தது. அதை அழுத்தவில்லை.

செங்கோடன் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். வாயைத் திறந்து, உள்ளே நின்ற மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டார்.

கௌசல்யாவும் விட்டாள்.

அவர் மறுபடி இழுத்து விட்டார். அவளும் விட்டாள். எண் இறங்கி, பழைய இடத்தில் நின்றது. அவள் கை அவர் கைக்குள் தூங்குகிற கோழிக்குஞ்சு மாதிரிக் கிடந்தது.

கீழே உலோகம் உலோகத்தில் உரசும் மெல்லிய சத்தம்.

“சார்,” என்றாள் கௌசல்யா, “இப்ப முக்கவா?”

அவர் வாயெடுப்பதற்குள் குழந்தை வீறிட்டது.