ஆரஞ்சு மிதவை வரைக்கும்

ஏ, உக்காருங்கய்யா. பேச்ச நிறுத்துங்க. செல்வின், அந்த முறுக்க இப்பவே தின்னு முடி. கதைக்கு நடுவுல கடக்கு முடக்குன்னு கடிச்சேன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

குரு சிஷ்யன் கதைதான். ஆனா தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. குருவுக்கு வயசு இருபத்தாறு, பேரு பிரிஸ்கா, ஊரு மணப்பாடு. அந்தமான் பக்கம் ஒரு பொடித் தீவுல, காத்து சிலிண்டர முதுகுல மாட்டிக்கிட்டு கடலுக்கு அடியில நீந்தக் கத்துக்குடுக்கிற வேலை. எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. சிஷ்யனுக்கு வயசு அம்பத்தஞ்சு. அம்பாசமுத்திரத்துல பெயிண்ட் கடை வச்சிருக்கிற தளவாய் அண்ணாச்சி.

நிறைய டப்பா வித்த கடைக்காரங்கள பெயிண்ட் கம்பெனிக்காரன் டூர் அனுப்புவான்ல. அந்த வருசம் தீவு, ஸ்கூபா டைவிங், புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும்.

தீவுல வந்து எறங்குனாரு அண்ணாச்சி. கூலிங் கிளாஸு, தொப்பி, பூப்போட்ட சட்டை. நெஞ்ச நிமித்திக்கிட்டு தண்ணியப் பாத்தாரு.

"ஏளா உலகு, இந்த நீலம் நம்ம ஷேடு கார்டுல இருக்கு."

திரும்பிப் பாக்கல. பின்னால வருவான்னு தெரியும். திரும்பிப் பாப்பானேன்?

உலகம்மா பத்தடி பின்னால வருது. பெட்டியோட சக்கரம் மணல்ல புதைஞ்சு நகர மாட்டேங்குது. ரெண்டு இழு இழுத்துப் பாத்துச்சு. அப்புறம் பெட்டியத் தூக்கித் தலையில வச்சுக்கிச்சு. அது ஒண்ணும் பேசல. அது எப்பவுமே பேசாது. வீட்ல பேசுறதுக்கு ஒரு ஆள் போதும்னு நெனச்சிருக்கும்.

கல்யாணத்தன்னைக்கு மணமேடையச் சுத்தி வரும்போது இவரு முன்னால, அது பின்னால. அன்னையிலருந்து அந்த வரிசை மாறல. அன்னைக்காவது விரலப் புடிச்சிருந்தாரு.

மறுநாள் பயிற்சி. அண்ணாச்சி ஆரம்பிச்சாரு.

"மாஸ்டரு, தண்ணியப் பத்தி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆத்துல வெள்ளம் வந்தா ஊரே கரையில நிக்கும், நான் மட்டும் உள்ள கெடப்பேன். ஒரு தடவை பாத்துக்கோங்க..."

"சரி அண்ணாச்சி. வாயில இதக் கடிங்க."

கடிச்சாரு. அதோட பேச்சு நின்னுச்சு. ஹ்ஹூ... ஹ்ஹா... குபுகுபுகுபு. அவ்வளவுதான் சத்தம். உலகம்மா மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, காதுல மாட்டியிருந்த கம்மல விட பளிச்சுன்னு.

மாஸ்டர் சொன்னா. "காத்து வர்ற குழாய் ஒண்ணு உங்க வாயில இருக்கு. மஞ்சக் கலர்ல இன்னொண்ணு தொங்குது பாருங்க, அது உங்களுக்கு இல்ல. ஜோடியா வர்றவங்களுக்குக் காத்து நின்னுபோச்சுன்னா அவங்களுக்குக் குடுக்கணும். அதனால ரெண்டு பேரும் தோளோட தோளாத்தான் போகணும். கைய நீட்டுனா ஆள் தட்டுப்படணும்."

அண்ணாச்சி தலையாட்டுனாரு. நல்லாத் தலையாட்டுவாரு. தண்ணிக்குள்ள போன ஒடனே சரட்டுன்னு முன்னால போயிட்டாரு. உலகம்மா பின்னால.

தலைய மேல தூக்குனதும் மாஸ்டர் சொன்னா, "அண்ணாச்சி, பக்கத்துல."

"பின்னாலதான் வாரா மாஸ்டரு."

"பக்கத்துல."

"எங்க போயிரப் போறா?"

இப்படியே பயிற்சி ஓடிருச்சு. கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்தா ஊதி வெளியேத்தணும், வெளியேத்திட்டாரு. மிதக்கணும், பலகை மாதிரி மிதந்தாரு. உலகம்மாளும் எல்லாத்தையும் சுத்தமாச் செஞ்சுச்சு, சத்தமில்லாம.

அடுத்த நாள் காலையில போட்டு, அதான் படகு, பவளப்பாறைக்குப் போகுது. அது ஒரே தடவைதான். அண்ணாச்சிக்கு அதுலதான் உசிரே இருக்கு. பாறைப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, கடை வாசல்ல பிளக்ஸ் வைக்கிறதா ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாரு. எதுத்த கடைக்காரரு, "நீரு தண்ணிக்குள்ளயா? மீனெல்லாம் காதப் பொத்திக்கிட்டு ஓடிருமேவே"ன்னு வேற சொல்லிப்போட்டாரு.

பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் கேட்டாரு.

"மாஸ்டரு, நாளைக்குப் போட்டுல நாங்க உண்டா?"

"இல்ல அண்ணாச்சி."

"இல்லியா? ஏன்? நான் எதுல கொறஞ்சு போனேன்?"

மாஸ்டர் கடலப் பாத்தா. கொஞ்ச தூரத்துல ஆரஞ்சு மிதவை ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"ரெண்டு பேரும் அதுவரைக்கும் போங்க. பெறகு சொல்றேன்."

அண்ணாச்சி கண்ணாடிய மாட்டுறதுக்குள்ள மாஸ்டர் உலகம்மா காதுல என்னமோ சொன்னா. உலகம்மா தலையாட்டுச்சு.

முங்கிட்டாரு அண்ணாச்சி. என்னா அழகுங்கறீங்க உள்ள! கிளிப்பச்சைக் கலர்ல ஒரு மீனு, பாறையக் கொறிக்குது. செல்வின் முறுக்கு தின்ன மாதிரியே. அண்ணாச்சி கைய நீட்டிக் காட்டுனாரு, 'பாருளா'ங்கற மாதிரி. காட்டுனது முன்னால. பாக்க வேண்டியவ பின்னால. அடுத்து கோடு கோடா ஒரு மீன் கூட்டம். அதையும் காட்டுனாரு. கடல் அட்டை ஒண்ணு கெடந்துச்சு, அதையும் விடல. பின்னாலருந்து குபுகுபுன்னு குமிழிச் சத்தம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அது போதும் அவருக்கு.

மிதவைக் கயிறு வந்துச்சு. புடிச்சாரு. ஜெயிச்ச ஆளு மாதிரி திரும்புனாரு.

உலகம்மா இல்ல.

இந்தப் பக்கம் பாத்தாரு. அந்தப் பக்கம் பாத்தாரு. மணலு, பாறை, மீனு. ஹ்ஹூஹ்ஹா ஹ்ஹூஹ்ஹான்னு மூச்சு ஓடுது. இடுப்புல அந்த மஞ்சக் குழாய் சும்மா தொங்கிக்கிட்டு ஆடுது. அதக் கையில புடிச்சுக்கிட்டாரு. யாருக்கு நீட்டணும்னு தெரியல.

மேல வந்து வாயில இருந்தத உருவி எறிஞ்சுட்டுக் கத்துனாரு.

"உலகு! ஏ உலகு!"

கடைக்குள்ள இருந்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு ஆளக் கூப்பிடுற தொண்டை. கடல்ல அது கொசு முனகுன மாதிரி இருந்துச்சு.

பாறை மறைவுலருந்து வந்து, பக்கத்துல குபுக்குன்னு ஒரு தலை எட்டிப் பாத்துச்சு. மாஸ்டர்.

"மாஸ்டரு! அவளக் காணோம்! எங்க அவ?"

"எங்க விட்டீங்க?"

"பின்னாலதான் வந்தா! குமிழிச் சத்தம் கேட்டுக்கிட்டே வந்துச்சே!"

"அது நான்."

அண்ணாச்சி மறுபடியும் பின்னால திரும்பிப் பாத்தாரு.

"அக்காவ நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

யோசிச்சாரு. கரையில பாத்தமா? கண்ணாடி மாட்டும்போது பாத்தமா? கம்மல் தெரியுது, மொகம் தெரியல. என்ன மொகத்தோட இருந்தா?

மாஸ்டர் கரையக் கைகாட்டுனா. தென்னை மரத்தடியில உலகம்மா உக்காந்து அன்னாசிப்பழம் தின்னுக்கிட்டு இருந்துச்சு. முழங்கால் தண்ணியத் தாண்டவே இல்ல.

கரைக்கு வந்தாரு அண்ணாச்சி. முட்டிபோட்டு மணல்ல உக்காந்துட்டாரு. உலகம்மா ஒரு துண்டு பழத்த அவர் கையில வச்சுச்சு. அவரு திங்கல.

"பொழுது விடியட்டும்"னா மாஸ்டர். "நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கு வர்றதப் பாத்துட்டுச் சொல்றேன்."

விடிஞ்சுச்சு. மத்த ஆளெல்லாம் போட்டுல ஏறி உக்காந்தாச்சு. மாஸ்டர் கயித்தக் கையில புடிச்சுக்கிட்டு, அவுக்காம நிக்கிறா. தென்னந்தோப்பு வழியா அண்ணாச்சி வர்றாரு. முன்னாலதான் வர்றாரு, பாவம், காலுக்கு வேற எதுவும் தெரியல. பாதி வழியில சடக்குன்னு நின்னாரு. திரும்புனாரு. உலகம்மா வந்து சேர்ற வரைக்கும் நின்னாரு. போட்டுல எல்லாரும் பாக்குறாங்க.

போட்டு போச்சான்னு கேக்கியா? போச்சு. ரெண்டு பேரும் அதுலதான் போனாங்க. பிளக்ஸும் வச்சாச்சு. ஆனா கதை முடிஞ்சது அங்க இல்ல, அந்தத் தென்னந்தோப்புலதான்.

அண்ணாச்சி பெரிய மனசு பண்ணி, ராசா மாதிரி கைய நீட்டி வழிவிட்டுச் சொன்னாரு.

"இந்தா, உலகு. புத்தி வந்துருச்சு எனக்கு. இனிமே நீ முன்னால போ. நான் பின்னால வாரேன்."

உலகம்மா அவர மேலயும் கீழயும் பாத்துச்சு.

"எனக்கு மட்டும் முதுகுலயா கண்ணு இருக்கு?"