இழுப்பறைக்குள் ஆடிய வால்

பல்லிக்குப் பேச்சு இருந்த காலம் அது. எறும்புக்கும் இருந்தது, நாய்க்கும் இருந்தது. ஆனால் பல்லி பேசியதில் பாதிக்கு மேல் கேள்விதான். இது என்ன? இது எதுக்கு? உள்ளே என்ன இருக்கு? புதுசாக ஒரு பொந்தைப் பார்த்தால் தலையை உள்ளே விட்டுப் பார்க்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. அப்போது பல்லியின் வால் அறுந்தெல்லாம் விழாது. உடும்பு வால் மாதிரி உறுதியாக இருக்கும். பூனை வாலைக் கவ்வி இழுத்தால் முழுப் பல்லியும் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் மாசானம் என்று ஒரு தச்சன் இருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கி, அதற்குக் கீழே ஒரு பெரிய மேசையைப் போட்டு அதில்தான் வேலை செய்வான். கை சுத்தம். ஆனால் வேலை முடிந்ததும் ஒன்றையும் எடுத்து வைக்க மாட்டான். உளி தரையில் கிடக்கும். இழைப்புளி மரச்சுருளுக்குள் புதைந்து கிடக்கும். சுத்தியல் எங்கே என்று அவனுக்கே தெரியாது. காலையில் பாதி நேரம் தேடுவதிலேயே போய்விடும்.

அவன் மனைவி பூரணம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் தரையில் கிடந்த உளி அவள் காலைக் கிழித்தது. பொறுமை அத்தோடு முடிந்தது.

"இங்க பாருங்க," என்றாள், காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டே. "ஊருக்கெல்லாம் பெட்டி செஞ்சு குடுக்கீய. உங்க உளிக்கு ஒரு பெட்டி கெடையாதா?"

"பெட்டி வச்சா எடத்தை அடைக்கும்லா."

"மேசைக்குக் கீழ அம்புட்டு எடம் சும்மாத்தானே கெடக்கு? நாய் படுக்கதுக்கா மேசை செஞ்சீய?"

மாசானம் குனிந்து பார்த்தான். நாய் படுத்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றது நாய்.

அவள் சொன்னது சரி என்று அவனுக்குப் பட்டது. ஆனால் எப்படிச் செய்வது? மேசைக்குக் கீழே பெட்டியை வைத்தால் மூடியைத் திறக்கும்போது மேசை இடிக்கும். தரையோடு வைத்தால் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூடியே வேண்டாம், பெட்டியே வெளியே வந்தால் என்ன என்று திடீரென்று தோன்றியது. மேசைப் பலகைக்கு அடியில் இரண்டு பக்கமும் சட்டம் அடித்து, சட்டத்தின் மேல் பெட்டியை ஏற்றி, முன்னால் பிடித்து இழுக்க ஒரு மரக்குமிழ் வைத்தான். அப்படித்தான் உலகத்தின் முதல் இழுப்பறை வந்தது.

பல்லி மேசைக்காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தது.

"ஆசாரியாரே, மூடி இல்லாத பெட்டியை எப்படி மூடுவீங்க?"

"உள்ள தள்ளினா மேசைதான் மூடி."

பல்லிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப இழுத்தா கதவு தெறக்காது, வீடே வெளிய வரும்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

அது சித்திரை வெயில். பூவரசம் பலகை காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அந்தச் சுருங்கின பலகையில் மாசானம் ஒரு முடி நுழையாத அளவுக்கு இழைத்து இழைத்துப் பொருத்தினான். உள்ளே தள்ளினால் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு அதைக் கேட்க வைத்தான்.

"ஒரு சந்துகூட விடலையே," என்றது பல்லி. "இந்த மரம் எப்படி மூச்சு விடும்?"

"சந்து விடுகது கையாலாகாதவன் வேலை. மரம் எங்கயாவது மூச்சு விடுமா? ஏட்டி, போய் ஈயைப் பிடி."

பெருமையெல்லாம் இருந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. முன்னால் உளியைத் தரையில் போடுவான், இப்போது இழுப்பறையில் போடுவான். மூட மாட்டான். அது எப்போதும் பாதி திறந்தே கிடந்தது. பல்லிக்கு அது போதும். உள்ளே போய்ப் பார்த்தது. இருட்டு, கதகதப்பு, மர வாசனை. பின்மூலையில் இரண்டு முட்டை ஒட்டி வைத்தது.

துடைக்கத் துணி எடுக்க இழுப்பறையை இழுத்த பூரணம் அதைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, அவங்ககிட்ட சொல்லிராதீங்க," என்றது பல்லி.

"நான் ஏன் சொல்லுதேன்? பயப்படாத. அவுக ஒரு நாளும் அதை மூட மாட்டாக."

மழை ஒரு மத்தியானம் வந்தது. ஓலைச் சாய்ப்புக்குள் சாரல் அடித்தது. மேசை மேல் இருந்த சாமானெல்லாம் நனைந்தன. பூரணம் அடுக்களையிலிருந்து கத்தினாள். "இரும்பெல்லாம் துருப்பிடிச்சுப் போகும். உள்ள போட்டு மூடித் தொலைங்க." வாயைத் திறக்கும்போது அவளுக்கு முட்டை ஞாபகம் இல்லை. மாசானமும் கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவள் சொன்னதை உடனே செய்தான். எல்லாவற்றையும் வாரி உள்ளே போட்டு, முழங்காலால் ஒரே இடி இடித்தான்.

பல்லி அப்போதுதான் மழை எப்படி இருக்கிறது என்று பார்க்க வெளியே வந்துகொண்டிருந்தது. உடம்பு வெளியே. வாலில் முக்கால்வாசி உள்ளே.

"ஆசாரியாரே, வாலு," என்றது.

மாசானம் பதறிக் குமிழைப் பிடித்து இழுத்தான். குமிழ் கையோடு வந்துவிட்டது. சாரலில் நனைந்த மரம் அதற்குள் ஊதத் தொடங்கியிருந்தது. விரலை விட்டு நெம்ப இடமில்லை. முடி நுழையாத இடத்தில் விரல் எப்படி நுழையும்?

பூரணம் ஓடி வந்தாள். "உளியை வச்சு நெம்புங்க."

"உளி உள்ள."

"சுத்தியல்?"

"அதுவும் உள்ள."

"இன்னைக்குத்தான் எல்லாம் ஒரே எடத்துல இருக்கு," என்றாள் பூரணம். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு முட்டை ஞாபகம் வந்தது. மாசானத்திடம் சொன்னாள்.

மழை விடவில்லை. நாளுக்கு நாள் மரம் ஊதிக்கொண்டே போனது. விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், அசையவில்லை. பக்கத்து வீட்டில் கோடரி வாங்கிப் பின்பக்கம் உடைக்கலாம் என்றான் மாசானம். முட்டை இருப்பதே பின்பக்கம்தான். கீழே தீ மூட்டிக் காய வைக்கலாமா என்று கேட்டான். "முட்டையை அவிக்கப் போறீயளா?" என்றாள் பூரணம். பல்லி எங்கேயும் போக முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பூரணம் பிடித்துக் கொடுத்த ஈசலைத் தின்றது. அப்போதும் கேள்வி கேட்டது. மழை எங்கேயிருந்து வருது? மரம் இவ்வளவு தண்ணியை எங்கே வச்சுக்குது?

ஒரு காலையில் அது கேள்வி கேட்கவில்லை.

"பொரிஞ்சிட்டு," என்றது. "என் வால் மேல சின்னச் சின்னக் கால் படுது."

பூரணம் பலகையில் காதை வைத்தாள். உள்ளே கீறுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் வேகமாக. அப்புறம் மெதுவாக.

"காத்து இல்ல," என்றாள். "எங்கயும் ஓட்டை இல்லையே."

"ஒண்ணு இருக்கு," என்றது பல்லி. "அதைத்தான் நான் அடைச்சுக்கிட்டு இருக்கேன்."

மாசானம் குனிந்து பார்த்தான். சுற்றிலும் மரம் ஊதி மேசையோடு இறுகியிருந்தது. வால் இருந்த இடத்தில் மட்டும் ஊத முடியாமல், வால் கனத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"ஆசாரியாரே, நான் போயிட்டா இந்த ஓட்டை அப்படியே நிக்குமா, இல்ல மூடிக்குமா?"

எல்லாம் தெரியும் என்று பேசுகிற மாசானம் முதல் தடவையாக, "எனக்குத் தெரியல," என்றான். பிறகு, "கொஞ்ச நேரம் நிக்கும்," என்றான். "ஆனா இருட்டுக்குள்ள குட்டிங்களுக்கு அது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வால் ஆடுற சத்தத்தைக் கேட்டு வரும்," என்றது பல்லி.

"வாலு அறுந்தா செத்த வாலுதானே தாயி," என்றாள் பூரணம்.

"ஆடச் சொல்லிட்டு அறுக்கேன்," என்றது பல்லி.

நான்கு காலாலும் மேசைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. ஒரு தடவை இழுத்தது. ரெண்டாவது தடவை வால் அறுந்தது. நசுங்கின இடத்தில் கொஞ்சம் மாட்டிக்கொண்டு நின்றதை, பூரணம் விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி மெல்லத் தள்ளினாள். வால் உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஈர்க்கு கனத்தில் வெளிச்சமும் உள்ளே போனது.

மூன்று பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

டப். டப். டப். உளி மேல், இழைப்புளி மேல், அரம் மேல் வால் துள்ளித் துள்ளி விழுந்தது. சொன்ன வேலையைச் செய்தது.

ஓட்டையில் ஒரு குட்டி மூக்கு தெரிந்தது. கடுகளவு கண். பூரணம் கையை நீட்டினாள், அது கையில் ஏறிக்கொண்டது. இன்னொன்று வரவில்லை. டப் என்ற சத்தம் இடைவெளி விட்டுக் கேட்டது. ஓட்டையைச் சுற்றி மரம் நெருங்கி வந்தது. பல்லி ஓட்டையில் கண்ணை வைக்கவில்லை. வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்று விலகியே நின்றது.

டப்.

அப்புறம் சத்தம் இல்லை. வால் நின்றுவிட்டது என்று மாசானம் நினைத்தான். அப்போது உள்ளே கடைசியாக ஒரு டப். அதன் பின்னாலேயே இரண்டாவது குட்டி தலையை நீட்டி, எதிரே இருந்த மாசானத்தின் பெரிய மூக்கைப் பார்த்து, "இது என்ன?" என்றது.

மழை விட்டு வெயில் அடித்தபோது இழுப்பறை தானாகவே இளகியது. உளிகளின் மேல் வால் அசையாமல் கிடந்தது. மாசானம் அதை வெளியே எடுத்தான். பிறகு அந்த அருமையான இழுப்பறையின் மேல் விளிம்பைப் பல்லிவால் கனத்துக்கு இழைத்துத் தள்ளினான். பக்கத்துத் தெருத் தச்சன் வந்து பார்த்துச் சிரித்தான்.

"என்னவே, சந்து விட்டிருக்கீரு? கை நடுங்குதா?"

"இல்லவே. உள்ள ஆளு குடியிருக்கு."

பல்லிக்கு வால் திரும்ப முளைத்தது. ஆனால் பழைய உறுதி வரவில்லை.

மாசானத்தின் மேசையில் அன்றைக்கு விட்ட சந்தைத்தான் இன்றைக்கும் தச்சர்கள் இழுப்பறைக்கு விடுகிறார்கள். உங்கள் மேசை இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், பின்மூலையில் ரெண்டு வெள்ளை முட்டை ஒட்டியிருந்தாலும் இருக்கும். அன்று அறுந்ததிலிருந்துதான் பல்லிக்கு வால் அறுகிறது. அறுந்த வால் எதற்கு ஆடுகிறது என்றால், அம்மா சொன்னதை அது இன்னும் மறக்கவில்லை. உள்ளே யாரோ வழி தெரியாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆடுகிறது.