கரடி வரைந்த வாய்

ஒரு காட்டில், குளத்துக்குப் போகும் வழியில் ஒரு புதைசேறு இருந்தது. மேலே பச்சைப் புல் மூடியிருக்கும். கால் வைத்தால் ஆளையே உள்ளே இழுத்துவிடும். முந்தின நாள்தான் ஒரு மான் அதில் சிக்கி, யானையின் தயவால் பிழைத்தது.

"யாரும் கிட்டே வராதபடி இங்கே ஓர் அடையாளம் வைக்க வேண்டும்" என்றது யானை.

"அதை என்னிடம் விடுங்கள்" என்று கரடி முன்னால் வந்தது. தன்னைப் போல் படம் போட அந்தக் காட்டிலேயே யாரும் இல்லை என்பது அதன் எண்ணம்.

செம்மண்ணைக் குழைத்து, சேற்றின் ஓரத்துப் பாறையில் பெரிதாகத் திறந்த ஒரு வாயை வரைந்தது. பல்லும் நாக்குமாய்ப் பாறையே நிறைந்துவிட்டது.

முயல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "அண்ணா, இதற்கு என்ன அர்த்தம்?"

"இதுகூடவா தெரியவில்லை? சேறு விழுங்கிவிடும், கிட்டே வராதே என்று அர்த்தம்."

"எதற்கும் வேறு யாரிடமாவது காட்டிக் கேட்டுவிடலாமே."

"வரைந்த எனக்குப் புரிகிறது. அது போதாதா?" என்று சொல்லிவிட்டுக் கரடி மர நிழலில் கால் நீட்டிப் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் காட்டுப்பன்றி வந்தது. படத்தைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டு நேராகச் சேற்றில் இறங்கியது. வயிறு வரை புதைந்த பிறகுதான் கத்தத் தொடங்கியது.

கரடி ஓடிப்போய் யானையைக் கூட்டிவந்தது. யானை தும்பிக்கையால் பன்றியை இழுத்துக் கரையில் போட்டது.

"படத்தைப் பார்த்தாய் அல்லவா? பிறகு ஏன் இறங்கினாய்?" என்று கரடி மூச்சிரைக்கக் கேட்டது.

"பார்த்ததால்தான் இறங்கினேன்" என்றது பன்றி. "வாயைத் திறந்து காட்டினால், உள்ளே சாப்பாடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

முயல் சிரிப்பை அடக்கிக்கொண்டது. கரடிக்கு முகம் தொங்கிப்போனது. யானை வரத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தது. மெல்லப் பன்றியின் அருகில் போய் உட்கார்ந்தது.

"சரி, நீயே சொல். எதைக் கண்டால் போகாமல் நிற்பாய்?"

"முள்ளைக் கண்டால் நிற்பேன்."

"நானும்தான்" என்றது முயல்.

கரடி தான் வரைந்த வாயைத் தன் கையாலேயே அழித்தது. இலந்தை முட்கிளைகளை ஒடித்து வந்து வழிக்குக் குறுக்கே போட்டது. இந்த முறை அது படுக்கப் போகவில்லை. புதருக்குப் பின்னால் நின்று கவனித்தது.

மான் கூட்டம் ஒன்று வந்தது. முள்ளைக் கண்டதும் நின்றது, சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போனது. கடைசியாக வந்த குட்டி மட்டும் முள்ளை முகர்ந்து பார்த்தது. மூக்கில் குத்தியதும் துள்ளித் தாயிடம் ஓடியது.

கரடி அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டது.

நீதி: சொல்பவருக்குப் புரிந்தால் மட்டும் போதாது, பார்ப்பவருக்கும் அதே பொருள் புரிய வேண்டும்.