ஆள்காட்டி வீட்டுப் பரீட்சை

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதில் வரும் பறவைக்கு ஓர் இறக்கை பொய்யாக ஒடிகிறது, இன்னோர் இறக்கை நிஜமாக வலிக்கிறது. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் கதையே போச்சு. அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பொய் வலது. நிஜம் இடது. நான் நடுவில் தடுமாறினாலும் நீங்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரியின் கரையில் சரளைக்கல் மேடு ஒன்று இருந்தது. அதில் ஓர் ஆள்காட்டிக் குருவி தன் மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தாள். மூத்தவன் கூழான். அடுத்தவள் மணலி. கடைக்குட்டி சிப்பி. மூவருக்கும் இன்னும் பறக்க வராது. அப்பா ஆள்காட்டி, ஈரம் காயாத வேறு இடம் தேடி விடிந்ததும் மறுகரைக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். பகலெல்லாம் அம்மாதான் காவல். அம்மாதான் பள்ளிக்கூடம்.

ஏரியின் நடுவில் ஒரு மண்திட்டு. அங்கே பை போன்ற பெரிய அலகுடைய கூழைக்கடா வாத்தியார் ஊர்க் குஞ்சுகளையெல்லாம் சேர்த்துவைத்துப் பாடம் நடத்தினார். பக்கத்து வீட்டுப் பவளக்கால் உள்ளான் தன் பிள்ளைகளை அங்கேதான் அனுப்பினாள். நீளமான சிவந்த கால், ஊசி போல மெல்லிய அலகு. எல்லோரும் அவளைப் பவளம் என்று கூப்பிடுவார்கள்.

"அக்கா, நீங்களும் பிள்ளைங்களை அனுப்பலாமே. கொஞ்சம் மூச்சுவிடவாவது நேரம் கிடைக்கும்" என்றாள் பவளம்.

"அங்கே என்ன சொல்லித்தர்றாங்க?"

"மீன் பிடிக்க. வரிசையா நீந்த."

"எங்க வீட்டுல மீன் தின்றதில்லை பவளம். நாங்க வெறுந்தரையில குடியிருக்கோம். கீரி நடமாடுற இடம். எங்களுக்கு வேற பாடம்."

"அதுவும் சரிதான். ஆனா நாலு பேரோட பழகணுமில்ல?"

"பழகட்டும். அதுக்கு முதல்ல உயிரோட இருக்கணும்."

இதில் ஆள்காட்டி சொன்னது தப்பே இல்லை. அவள் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். தப்பு பிறகு வருகிறது.

அவள் நடத்திய பாடம் இதுதான். அம்மா ஒரு குரல் கொடுத்தால் குஞ்சுகள் கல்லோடு கல்லாகப் படுத்துவிட வேண்டும். அம்மா வலது இறக்கை ஒடிந்துபோனது போலத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டுவாள். அடிபட்ட பறவை சுலபமாகச் சிக்கும் என்று கீரி அவள் பின்னால் போகும். குஞ்சுகளை விட்டுத் தூரமாக அதை இழுத்துக்கொண்டு போய், கடைசி நேரத்தில் அவள் பறந்துவிடுவாள்.

"கீரி என் பின்னால வந்தா நீங்க யாரு?"

"கல்லு!"

"வெயில் சுட்டா?"

"கல்லு!"

"எறும்பு கடிச்சா?"

"கல்லு, ஆனா வலிக்கும்" என்றாள் சிப்பி.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அம்மாவின் மனம் அடங்கவில்லை. 'நான் நொண்டுவதைப் பார்த்துப் பாசத்தில் எழுந்து ஓடிவந்துவிட்டால் என்ன செய்வது?' என்ற கவலை அவளை அரித்தது. அதனால் ஒரு பரீட்சை வைத்தாள். சரளைக்கல்லில் வலது இறக்கையை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பிக் கூப்பிட்டாள்.

"கூழான், அம்மாவுக்கு நிஜமாவே அடிபட்டுடுச்சு. ஓடி வாடா!"

கூழான் ஓடிவந்தான். அவள் அவன் தலையில் லேசாகக் கொத்தினாள்.

"தோத்துட்ட. கீரி உன்னைத் தின்னுடுச்சு."

மறுநாள், "இது பாடம் இல்லை, சத்தியமா!" என்று கூப்பிட்டாள். மணலி எழுந்தாள். மணலியும் தோற்றாள். இன்னொரு நாள் அழுதுகாட்டினாள். சிப்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அவளும் தோற்றாள்.

இப்படிப் போகப் போக, அவள் என்ன சொன்னாலும் ஒருவரும் அசையவில்லை.

"சத்தியம் பண்ணினா?"

"கல்லு!"

"அழுதா?"

"கல்லு!"

ஆள்காட்டிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மூன்று பேரும் தேறிவிட்டார்கள்.

பிள்ளைகளின் உடம்பை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், விட்டால் மறந்துபோவேன். தினமும் விடிந்ததும் ஒவ்வொருவர் காலையும் தூக்கிப் பார்ப்பாள். சிப்பியின் எச்சம் கொஞ்சம் தண்ணீராக இருந்தால் அன்றைக்குப் பாடமே கிடையாது. ஆனால் ஒரு நாள் நாயைத் துரத்தப் போய்க் கருவேலம்புதரில் புகுந்தபோது, அவளுடைய இடது இறக்கைக்கு அடியில் முள் ஏறியது. நன்றாக ஆழமாகவே ஏறியது.

'அப்புறம் பார்த்துக்கலாம். நான் படுத்துட்டா பாடம் நின்னுடும்' என்று நினைத்தாள்.

இரவில் கணவருக்குத் தெரியாதபடி நல்ல பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தாள். பவளத்தின் கண்ணில்தான் பட்டது.

"அக்கா, இடது பக்கம் ஒரு மாதிரியாத் தொங்குதே?"

"ஒத்திகை பார்க்கிறேன்."

"நல்லா நடிக்கிறீங்க போங்க. நான் நிஜம்னே நம்பிட்டேன்" என்று சிரித்துவிட்டுப் பவளம் போய்விட்டாள்.

அடுத்த காலையில் இடது இறக்கை நெருப்பாகச் சுட்டது. ஈரத்துணி போலக் கனத்தது. அப்பா மறுகரைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு கீரி வந்தது.

ஆள்காட்டி குரல் கொடுத்தாள். குஞ்சுகள் கல்லாகிவிட்டார்கள். அவள் கீரிக்கு முன்னால் போய் இறக்கையை இழுத்து நொண்டினாள். வலது அல்ல, இடது. நடிக்க வேண்டிய வேலையே இல்லை. 'பிள்ளைகளை விட்டுத் தூரமாக இழுத்துப் போய்விட்டால் போதும், நான் எப்படியானாலும் சரி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவது போல அலகை இறுக்கிக்கொண்டு போனாள்.

ஆனால் கீரி அவள் பின்னால் போகவில்லை. உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டது.

"என்ன தாயே, நானும்தான் கோரைக்குள்ள உட்கார்ந்து தினமும் உன் பாடத்தைக் கேட்கிறேன். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நீ நொண்டுவே. நான் வருவேன். நீ பறந்துடுவே. இன்னைக்கு நான் வரலை. நீ நொண்டிக்கிட்டே இரு, நான் கல்லையெல்லாம் ஒவ்வொண்ணா மோந்து பார்க்கிறேன்."

சொன்னபடியே செய்தது. மேட்டின் ஓரத்தில் இருந்த முதல் கல்லை மோந்தது. அடுத்த கல்லுக்குப் போனது.

ஆள்காட்டிக்குப் புரிந்துவிட்டது. கல்லாகக் கிடந்தால் இனிமேல் தப்ப முடியாது. எழுந்து ஓடினால்தான் உண்டு. கீரியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் படுத்திருந்த இடத்துக்கு வந்தாள்.

"எழுந்திருங்க. ஓடணும். இது பாடம் இல்லை!"

மூன்று கற்களும் அசையவில்லை.

"சத்தியமாச் சொல்றேன், கீரி தேடிக்கிட்டு வருது!"

கூழான் அலகைத் திறக்காமல் முணுமுணுத்தான். "இன்னைக்கு அம்மா ரொம்ப நல்லாப் பண்றாங்க."

"பேசாதே, தோத்துடுவோம்" என்றாள் மணலி.

"ஆனா இடது இறக்கையில்ல தொங்குது?" என்றாள் சிப்பி.

"அது புதுக் கேள்வி. கஷ்டமாக் கேட்கிறாங்க. கல்லா இரு" என்றான் கூழான்.

ஆள்காட்டி கெஞ்சினாள். கண்ணீர் நிஜமாகவே வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. சத்தியம், அழுகை, 'நிஜமாவே' என்ற வார்த்தை, எல்லாவற்றையும் பரீட்சைக்கே செலவழித்துவிட்டாள். நிஜத்துக்கு என்று ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

கீரி இன்னொரு கல்லை மோந்தது.

ஆள்காட்டி பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இடது பக்கம் முள் குத்தியிருக்கு. உங்ககிட்டச் சொல்லாம மறைச்சேன். என்னால பறக்க முடியலை. இப்போ என்ன செய்யணும்னு அம்மாவுக்குத் தெரியலை."

மூன்று கற்களும் எழுந்து நின்றன.

எந்தப் பாடத்திலும் அம்மா 'தெரியலை' என்று சொன்னதே இல்லை. சத்தியம் செய்திருக்கிறாள், அழுதிருக்கிறாள், அதட்டியிருக்கிறாள். தெரியாது என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. பரீட்சை வைக்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது அந்தச் சின்னக் குஞ்சுகளுக்குக்கூடப் புரிந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் சிப்பி. "பவளம் சித்தி பிள்ளைங்க திட்டுக்குப் போற சேத்து வழி. படுத்திருக்கும்போது தினமும் பார்ப்பேன்."

"படுத்திருக்கும்போது கண்ணை மூடணும்னு சொன்னேனே?"

"மூடலை."

"நல்லதாப் போச்சு. ஓடு!"

சிப்பி முன்னால் ஓடினாள். மற்ற இருவரும் பின்னால். கடைசியில் அம்மா, இறக்கையை இழுத்துக்கொண்டு. கீரி தலையைத் தூக்கியது. அம்மா பறக்காமல் ஓடுவதைப் பார்த்ததும் அதற்கும் விஷயம் விளங்கிவிட்டது.

"அட, நிஜமா!" என்று பாய்ந்தது.

"பவளம் சித்தி!" என்று கூழான் கத்தினான். மணலியும் சிப்பியும் சேர்ந்து கத்தினார்கள்.

தண்ணீரோரம் மேய்ந்துகொண்டிருந்த பவளம் நிமிர்ந்தாள். ஆள்காட்டி நொண்டுவதை அவள் சற்று முன்பே பார்த்திருந்தாள். ஒத்திகை என்று விட்டுவிட்டிருந்தாள். ஆனால் அந்த வீட்டுக் குஞ்சுகள் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கூவிக்கொண்டே பறந்து வந்தாள். அவள் கூவலுக்கு மற்ற உள்ளான்கள் வந்தன, கொக்குகள் வந்தன. திட்டிலிருந்து கூழைக்கடா வாத்தியாரும் பெரிய இறக்கையை அடித்துக்கொண்டு வந்தார்.

குஞ்சுகள் பாரமில்லாதவர்கள். சேற்றின் மேலேயே ஓடிவிட்டார்கள். கீரி அம்மாவின் வாலிறகைக் கவ்வியது. அதற்குள் அதன் முன்கால் சேற்றில் புதைந்தது. மேலிருந்து வாத்தியாரின் இறக்கை பளாரென்று விழுந்தது. வாயில் இரண்டு இறகோடு, வயிறு வரை சேறாகி, கீரி கோரைக்குள் போய் ஒளிந்தது.

திட்டின் ஓரத்தில் பவளம் ஆள்காட்டியின் இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, இதோடயா பாடம் நடத்தினீங்க?"

"பாடம் நின்னுடுமேன்னுதான்."

"பாடம் நடத்துற நீங்களே போய்ச் சேர்ந்துட்டா மட்டும் நடக்குமா? அசையாம இருங்க."

அவளுடைய ஊசி அலகு முள்ளைப் பிடித்து இழுத்தது. ஆள்காட்டி இந்த முறை வாய்விட்டுக் கத்தினாள். பிள்ளைகள் மூவரும் பக்கத்தில் நின்று அவள் கத்துவதைக் கேட்டார்கள். கேட்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பொழுது சாய அப்பா வந்தார். "இன்னைக்கு என்ன பாடம் நடந்தது?" என்று கேட்டார்.

"இன்னைக்கு அம்மாதான் படிச்சாங்க" என்றாள் சிப்பி.

கூழைக்கடா வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமே மூணு பேரையும் இங்கேயே விட்டுடலாமே" என்றார்.

"இல்லைங்க ஐயா. நீங்க செஞ்ச உதவியை நான் மறக்க மாட்டேன். ஆனா தரைப் பாடம் தரையிலதான் நடத்தணும். நானே நடத்துறேன். சாயங்காலம் விளையாட மட்டும் இங்கே கூட்டிக்கிட்டு வரேன்" என்றாள் ஆள்காட்டி. சொன்னபடி செய்தாள். இறக்கை ஆறியதும் பாடத்தை மறுபடி தொடங்கினாள்.

ஆனால் பாதுகாப்புக்காகச் சில காரியங்களை மாற்றினாள். பொய்ப் பரீட்சையை அடியோடு நிறுத்தினாள். கோரைப்புல் பக்கம் இல்லாமல், கீரிக்குக் கேட்காத இடமாகப் பார்த்துப் பாடம் நடத்தினாள். திட்டுக்குப் போகிற சேற்று வழியையும், வாய்விட்டுக் கத்துவதையும் பாடத்தில் சேர்த்தாள். தினமும் காலையில் பிள்ளைகளின் காலைத் தூக்கிப் பார்த்து முடித்ததும், தன் இரண்டு இறக்கையையும் விரித்து அவர்கள் முன்னால் நின்றாள்.

"இப்போ நீங்க என்னைப் பாருங்க" என்பாள்.

சிப்பிதான் வலதையும் இடதையும் நன்றாகத் தூக்கிப் பார்த்து, "சரி, இன்னைக்குப் பாடம் நடத்தலாம்" என்று உத்தரவு கொடுப்பாள்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் தானே கற்றுக்கொடுக்கத் துணிந்த தாய், தன் வலியையும் தனக்குத் தெரியாததையும் அவர்களிடம் மறைக்காமல் இருந்தால்தான், ஆபத்து வரும்போது அவள் சொல்லைப் பிள்ளைகள் நம்புவார்கள்.