குடைக்கு அந்தப் பக்கம்

"டீச்சர், நாங்க முன்னேறி அடிக்கும்போது எல்லாம் சரியா இருக்கு. அவனுககிட்டேயிருந்து பந்தைப் பறிச்சு, உடனே திருப்பி அடிக்கிறதுதான் வரமாட்டேங்கு. என் பிள்ளைகளுக்கு என்ன குறை?"

ஊர்ப் பையன்களின் கோச் கிளீட்டஸ் இப்படிக் கேட்டபோது எமல்டா டீச்சர் செருப்பைக் கழற்றி மணலை உதறிக்கொண்டிருந்தார்.

அடுத்த கடற்கரை ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர் அவர். அந்தப் பிள்ளைகள் பந்தைப் பறித்தால், பறிகொடுத்தவர்கள் திரும்புவதற்குள் அது வலைக்குள் கிடக்கும். டீச்சருக்கும் கிளீட்டஸுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் ஆள் அனுப்பாமல் அவனே போய் அழைத்து வந்திருந்தான்.

"குறையை அப்புறம் பாப்போம். உங்களுக்கு என்ன இவ்வளவு பதற்றம்?"

"ஞாயித்துக்கிழமை அரையிறுதி. தோத்தா பிள்ளைகளை வேற கோச்சுகிட்ட குடுத்துருவோம்னு கிளப்புல சொல்லிட்டாவ."

சொன்னவர் கிளப் செயலாளர் தனிஸ்லாஸ். பூசை முடிந்து வரும் வழியில், நாலு பேர் கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து கிளீட்டஸுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் மீன்முள்ளை ஆட்டக்காரர்களாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சரி, ஆடச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

பையன்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து ஆடினார்கள்.

நடுவில் ஸ்டெபின் பந்தைப் பறித்தான். எதிர்ப்பக்கத்துப் பையன்கள் எல்லோரும் முன்னேறி வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மைதானம் காலியாகக் கிடந்தது.

கிளீட்டஸ் கோட்டோரமாக ஓடினான்.

"வலது! எலே, வலது பக்கம்! அபிஷுக்குக் குடு! நிக்காதலே!"

பந்து வலது பக்கம் போனது. அதற்குள் மற்றவர்கள் திரும்பி வந்து மறித்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்? நான் இவ்வளவு கத்தியும்..."

"பாத்தேன். இன்னொரு தடவை ஆடட்டும்."

தூறல் விழத் தொடங்கியது. டீச்சர் வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஸ்டெபின் மறுபடியும் பந்தைப் பறித்தான்.

டீச்சர் ஓரடி முன்னால் போய், கிளீட்டஸின் முகத்துக்கு நேரே குடையை விரித்தார். பெரிய கறுப்புக் குடை.

"டீச்சர்! குடையை எடுங்க! எனக்கு ஒண்ணும் தெரியல!"

டீச்சர் அசையவில்லை.

மைதானத்தில் சத்தமே இல்லை. பயந்துபோன கிளீட்டஸ் குனிந்து, குடைக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

ஸ்டெபின் பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவனும் குனிந்திருந்தான். குடைக்கு அடியில் கோச்சைத் தேடிக்கொண்டிருந்தான்.

இரண்டு பேருடைய கண்களும் சந்தித்தன.

எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் நடந்தே வந்து, கூடையிலிருந்து மீன் எடுப்பதுபோலப் பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

பையன்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளீட்டஸ் சிரிக்கவில்லை.

டீச்சரிடம் கேட்டான். "அப்போ நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதானே?"

"மூடிப் பாருங்க."

"அதுல என்ன கஷ்டம் இருக்கு?"

"பிள்ளைக்கு உங்க சத்தம் மட்டுமா வேண்டியிருக்கு?"

குடையை மடக்காமலேயே டீச்சர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளீட்டஸ் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

தனிஸ்லாஸ் அவன் காதருகே வந்து கத்தினார். "என்னவே, நாக்கு ஒட்டிக்கிட்டா? பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லும்! ஆட்டம் சமமா நிக்குல்லா!"

கிளீட்டஸ் துண்டை இன்னும் அழுத்திக் கடித்தான்.

ஆனால் ஒவ்வொரு முறை பந்தைப் பறித்ததும் ஏதோ ஒரு பையனின் முகம் அவன் பக்கம் திரும்பியது. திரும்பிய முகம் இவன் முகத்தைப் பார்த்ததும் வெளிறியது. தன் முகம் என்ன சொல்கிறது என்று கிளீட்டஸுக்குத் தெரியவில்லை. தனக்குள் இருக்கும் பயம் மட்டும் தெரிந்தது.

ஆட்டம் முடியப்போகிறது. எதிரணி மொத்தமும் முன்னேறி வந்து அடித்தது. அந்தப் பந்து தடுக்கப்பட்டு ஸ்டெபினின் காலுக்கு வந்தது.

முன்னால் வெறும் மைதானம்.

ஸ்டெபினின் கழுத்து திரும்பத் தொடங்கியது.

அந்தக் கண்கள் வந்து சேர்வதற்குள் கிளீட்டஸ் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

எதிரே கடல். அதை அவன் பார்க்கவில்லை. பின்னால் ஒரு பேரிரைச்சல் எழுந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

"கோட்டிக்காரா, ஆட்டம் அங்கல்லா நடக்கு!" என்று தனிஸ்லாஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

கிளீட்டஸ் திரும்பவில்லை. துண்டை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணே, பையன் என்னைப் பாக்கானா?"

"உம்மை எதுக்குவே அவன் பாக்கான்? அந்தா பந்தோட போறாம்லா!"