மிக்கேல் ராயனின் கடிதங்கள்

ஞானாம்பாள் அம்மை மௌனத்தில் இருந்த நான்கு நாட்களில் தணிகாசலம் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துக் காட்டுவதும், அம்மை சொல்லும் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவதும் அவர் வேலை. அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அரசு அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்துவிட்டு வந்து சீடரானவர். ஒரே தாள் இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

அவருக்கென்றே வந்ததுபோல, பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றியதில் எல்லாக் கடிதமும் இரண்டு இரண்டாக, சில மூன்றாக வந்து நின்றன. நகல்களைக் கண்டுபிடித்து நீக்க ஒரு கருவி இருந்தது. அதை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. மாற்றும்போது நகல்கள் எல்லாம் மாற்றிய அன்றைய தேதியை ஏந்திக்கொண்டுவிட்டன, அதனால் கருவி அவற்றை வேறு வேறு கடிதம் என்று நினைக்கிறது என்பதை அரைமணி நேரத்தில் பிடித்துவிட்டார். தேதியையும் பார் என்றிருந்த குறியை எடுத்துவிட்டார். நாலாயிரத்துச் சொச்சம் நகல்கள் போயின. குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

அதன்பின் தினமும் காலையில் கடிதங்களைத் திறக்கும் முன்பே கருவியை ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார். எத்தனை நீங்கியது என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்தார். மனிதர் அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

ஐந்தாம் நாள் காலை அம்மை மௌனம் விட்டார். முதல் பேச்சே இதுதான்.

"மிக்கேலுக்குத் தினமும் பதில் போச்சா?"

அந்தப் பெயரே தணிகாசலத்துக்கு நான்கு நாட்களாக நினைவில் வரவில்லை. வராத கடிதத்துக்கு யார் பதில் தேடுவார்கள்?

மிக்கேல் ராயன் தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் கடலில் இருந்தபோது மனைவியும் மகளும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அதன்பின் அவர் அம்மைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தினமும் ஒரு வரி எழுதினால் போதும் என்று அம்மை பதில் போட்டார். அன்றிலிருந்து விடிந்ததும் அதே வரி வரும். 'இன்றைய சமையல் முடிந்தது, அம்மா.' அம்மையும் அதே பதிலைச் சொல்வார். 'நாளை என்ன சமையல்?' நாற்பது நாளாக ஒரு எழுத்து மாறாமல் நடந்தது. மௌன நாட்களில் அதை நீங்களே அனுப்பிவிடுங்கள் என்று தணிகாசலத்திடம் சொல்லித்தான் அம்மை கதவைச் சாத்தினார்.

தணிகாசலம் மிக்கேலின் ஃபோல்டரைத் திறந்தார். அந்த நீண்ட கடிதம் இருந்தது. அதன்மேல் ஒரே ஒரு வரிக் கடிதம், முதல் நாள் வந்தது. மற்றது எதுவும் இல்லை.

என்ன நடந்தது என்று அவருக்கு உடனே புரிந்தது. ஒரே ஆள், ஒரே தலைப்பு, ஒரே வரி. தேதியைப் பார்க்காத கருவிக்கு எல்லாம் நகல்தான். புதிதாக வந்ததையும் அவர் படிக்கும் முன்பே தினமும் அது தூக்கிப் போட்டிருக்கிறது. நான்கு நாளாக அந்த மனிதருக்குப் பதில் போகவில்லை.

நோட்டைப் புரட்டினார். முதல் நாளது அந்த நாலாயிரத்தோடு போயிருக்கும். இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒன்று. நான்காம் நாள் ஒன்று.

இன்று பூஜ்யம்.

நோட்டை அம்மை பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னைக்கு அவர் எழுதலைம்மா," என்றார்.

அம்மை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். போன் நம்பர் உண்டா என்று கேட்டார். இல்லை. கப்பலின் பெயர்? தணிகாசலம் அந்த நீண்ட கடிதத்தை மறுபடி படித்தார். கப்பலின் பெயர் அதில் இல்லை. கப்பலின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பதாக ஒரு வரி இருந்தது. அன்று அம்மைக்குப் படித்துக் காட்டியபோது அந்த வரியை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் படித்தவர்தான் அவர். இப்போது அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருக்கு."

பிறகு அம்மை, மிக்கேலின் கடிதம் எதை வைத்து இந்த ஃபோல்டருக்கு வருகிறது என்று கேட்டார். தலைப்பை வைத்து என்றார் தணிகாசலம். தலைப்பு மாறினால்?

"'பிற'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுக்குப் போயிரும். அதைச் சனிக்கிழமைதான் பார்ப்பேன்."

"இன்னைக்குப் பாருங்க."

படிக்காதவை அறுபத்து மூன்று இருந்தன. விளம்பரம், அழைப்பிதழ், நன்கொடை ரசீது கேட்டு ஒருவர். அவசரத்தில் இரண்டு தடவை தவறான கடிதம் திறந்தது. மேலிருந்து பதினோராவதில் அந்தப் பெயர் இருந்தது. அதைத் திறக்கவும் அவருக்குப் பயமாக இருந்தது. அம்மை கையை நீட்டித் தானே திறந்தார். தணிகாசலம் சத்தமாகப் படித்தார்.

'அம்மா, நாலு நாளாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? உங்களையே நினைத்துக்கொண்டு நேற்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். கப்பலில் எல்லாரும் திட்டினார்கள். பயமாக இருக்கிறது. யாராவது ஒரு வார்த்தை எழுதுங்கள்.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு தணிகாசலம் பதில் எழுதத் திறந்தார். உடனே இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது.

"கம்ப்யூட்டர் பழுதுன்னு எழுதிரட்டுமாம்மா?"

"வேண்டாம். நீங்க செஞ்சதை எழுதுங்க. உங்க பேர்லயே எழுதுங்க."

"நான் யாருன்னே அவருக்குத் தெரியாதேம்மா. நான் எழுதி அவருக்கு என்ன ஆகப் போகுது?"

"இத்தனை நாளா அவருக்காகப் பயப்பட நான் ஒருத்திதான் இருந்தேன்," என்றார் அம்மை. "இன்னைக்கு நாம ரெண்டு பேர். அதை எழுதுங்க."