உத்திராபதி வெர்சாய் போன விதம்

வடக்குப் பொய்கையில் விவரம் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால், ஊர் ஒரே குரலில் உத்திராபதியைக் காட்டும். அதை வைத்தே வெளியூர்க்காரர்கள் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வார்கள்.

அவருடைய அக்கா மகள் தமயந்தி பாரிஸில் இருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததெல்லாம் உத்திராபதிதான். அந்தப் பாசத்தில் ஒருநாள் போன் செய்தாள்.

"மாமா, நீங்க இங்க வரணும். வெர்சாய்னு அந்தக் காலத்து ராஜாக்கள் இருந்த அரண்மனை. அதையும் தோட்டத்தையும் உங்களுக்குக் காட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. துணைக்கு உங்க கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வாங்க. செலவெல்லாம் என் பொறுப்பு."

உத்திராபதிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த பக்கிரியும் கோதண்டமும் என்ன ஏது என்று தெரியாமலே கூடவே அழுதார்கள். அப்படிப்பட்ட சிநேகிதம்.

"ஒண்ணு மாமா, அங்க கூட்டம் தாங்காது. முன்கூட்டியே இடம் பிடிச்சு வைக்கணும்" என்றாள்.

இடம் பிடிப்பது வடக்குப் பொய்கைக்குப் புதிதல்ல. மூவரும் தோளில் கிடந்த துண்டை ஒரே நேரத்தில் எடுத்தார்கள்.

"பஸ்ஸுன்னா ஜன்னல் வழியாப் போட்டுடலாம் அண்ணே. அரண்மனைக்கு எப்படி?" என்றான் பக்கிரி.

"அரண்மனைக்கும் ஜன்னல் இருக்கும்டா. போடுறதுக்குத்தான் ஆள் வேணும்."

துண்டுகள் மூன்றும் பார்சலில் பாரிஸ் போயின. அவை கைக்குக் கிடைத்ததும் தமயந்தி போன் செய்து, "இது எதுக்கு மாமா?" என்று கேட்டாள்.

"நல்ல இடமாப் பாத்துப் போடு தாயி. வெயில் படாத பக்கம்."

அவள் மாமாவோடு வளர்ந்தவள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த முறை பேசும்போது தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். "அவ்வளவு பெருசு மாமா. சுத்தி வர்றதுக்குள்ள கால் கழண்டுடும்."

அன்றைக்கு மூவருக்கும் சோறு இறங்கவில்லை. கோதண்டம் தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கழண்டா எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்துடலாம். ஆனா மூணு பேருக்கும் ஒரே இடத்துல கழண்டுச்சுன்னா? எது யாரு காலுன்னு எப்படித் தெரியும்?" என்றான் பக்கிரி.

"வீட்டுல சில்வர் பாத்திரத்துக்கு என்ன பண்றோம்? பேரு வெட்டுறோம்ல?" என்றார் உத்திராபதி.

வெட்டுவதற்குக் கோதண்டம் சம்மதிக்கவில்லை. அதனால் போர்டு எழுதும் பெயின்டரை வரவழைத்தார்கள். உத்திராபதிக்கும் பக்கிரிக்கும் இரண்டு காலிலும் முழுப் பெயர். கோதண்டத்துக்கு ஒல்லிக் கால், எழுத்து கொள்ளவில்லை. ஒரு காலில் 'கோத' என்றும் மறு காலில் 'ண்டம்' என்றும் எழுதி முடித்தார் பெயின்டர். அன்றிலிருந்து கோதண்டம் இரண்டு காலையும் சேர்த்து வைத்தே உட்கார்ந்தான்.

புறப்படும் முன் தமயந்தி கடைசியாகச் சொன்னாள். "பயப்படாதீங்க மாமா. போர்டெல்லாம் பிரெஞ்சுல இருந்தா வந்து சேர்ந்துட்டீங்கன்னு அர்த்தம். கண்ணாடி மண்டபம்னு ஒண்ணு இருக்கு. சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடி, தங்க வேலைப்பாடு, சரவிளக்கு. அங்க வரிசை நீளமா இருக்கும். முன்னால நிக்கிறவங்க நகர்ந்தாத்தான் நாம நகரணும். முண்டியடிச்சா மரியாதையா இருக்காது."

"உன் மாமன் உனக்குத் தலைகுனிவு வர்ற மாதிரி நடப்பேனா தாயி?" என்றார் உத்திராபதி.

சென்னை விமான நிலையத்துக்குத் தமயந்தி பாரிஸிலிருந்தே ஏற்பாடு செய்த வாடகைக் கார். ஏறியதும் மூவரும் தூங்கிவிட்டார்கள். கண் விழித்தபோது கார் நின்றிருந்தது. டிரைவர் புதுச்சேரியில் டிபன் சாப்பிட இறங்கியிருந்தார். வெளியே சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர். சுவரில் தெருப் பெயர்.

"எனக்குப் படிக்கத் தெரியலை" என்றான் பக்கிரி.

"எனக்கும்" என்றான் கோதண்டம்.

"எனக்கும் தெரியலை. அப்போ பிரெஞ்சுதான்" என்றார் உத்திராபதி.

கீழே தமிழிலும் எழுதியிருந்தது. நமக்குச் சிரமம் கூடாதென்று தமயந்தி ஊர் முழுக்க எழுதிவைத்திருக்கிறாளே என்று அவர் இறங்கிப் போய் அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆனா அண்ணே, ஏரோப்ளேன்ல ஏறவே இல்லையே?" என்றான் பக்கிரி.

"தூங்கிட்டோம்ல? காரோட ஏத்தியிருப்பான். ஏத்துனதும் தெரியலை, இறக்குனதும் தெரியலை. நல்ல டிரைவர்டா!"

தெருவில் சிறிது தூரம் நடந்ததும் அரண்மனை வந்துவிட்டது. அது புதிதாகத் திறந்திருந்த சலூன். வாசலில் தங்க நிறப் பூ வேலை, உள்ளே சரவிளக்கு, இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிரே பெரிய கண்ணாடி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். தமயந்தி சொன்னது சொன்னபடி இருந்தது. வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போயிற்று.

"கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"எங்களுக்கு அவசரமில்லை. முன்னால நிக்கிறவங்களைக் கவனிங்க" என்றார் உத்திராபதி பெருந்தன்மையாக.

சலூன்காரர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தன் கத்திகளையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தார்.

பக்கிரி லேசாகத் தலையாட்டிப் பார்த்தான். "அண்ணே, பதிலுக்கு ஆட்டுறாங்க. நல்ல ஜனங்க."

"எல்லாரும் துண்டில்லாம இருக்காங்க பாருங்க. அவங்களும் இடம் போட்டுட்டு வந்தவங்கதான்" என்றான் கோதண்டம்.

டிரைவர் தெருத்தெருவாகத் தேடினார். மதியம் போயிற்று, விமானமும் போயிற்று. டிரைவர் தகவல் சொல்லி, தமயந்தி பதறிக்கொண்டு போன் செய்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"மாமா! பிளேனை விட்டுட்டு எங்க போனீங்க? எங்க இருக்கீங்க?"

"கண்ணாடி மண்டபத்துலதான் தாயி. காலையிலேருந்து வரிசை ஒரு அடி நகரலை. நாங்களும் முண்டியடிக்கலை."

"ஐயோ மாமா! அது எந்த இடம்னு பக்கத்துல யாரையாவது கேட்டுச் சொல்லுங்களேன்!"

உத்திராபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேக்கலாம்னுதான் பாக்குறேன் தாயி. முன்னால நிக்கிறவரும் போன்ல பேசிக்கிட்டிருக்காரு. குறுக்க பேசுனா நல்லா இருக்காது. அவரு வச்சதும் நான் வைக்கிறேன்."